சுவர் முன்னால் நின்ற படம்

கண் டாக்டர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. இடது கண்ணுக்குள்ளே கட்டி இருக்கிறது, விட்டால் உடம்பெல்லாம் பரவும், கண்ணையே எடுத்துவிட வேண்டும், திங்கட்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியின் அட்டையைக் கையில் எடுத்தார். அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எடுத்துட்டா எல்லாம் தட்டையாத் தெரியுமா டாக்டர்?"

டாக்டருக்கு இது புதுக் கேள்வி. வலிக்குமா, எப்போது வேலைக்குப் போகலாம் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். "கொஞ்ச நாளைக்கு ஆழம் சரியாப் பிடிபடாதும்மா. படி இறங்கும்போது பார்த்து இறங்கணும். டம்ளர்ல தண்ணி ஊத்தினா வெளியில போகும். அப்புறம் பழகிடும்."

"படியும் டம்ளரும் கிடக்கட்டும். ரெண்டு கண்ணாலயும் சேர்த்துப் பார்க்கிற படம் ஒண்ணு இருக்கு. அது தெரியுமா?"

"தெரியாது. ஒரு கண்ணால பார்த்தா அது வெறும் படம்தான்."

"இப்ப பார்த்தா?"

"இப்ப உங்களுக்கு ஓரம்தான் மங்கியிருக்கு. நடுப் பார்வை நல்லா இருக்கு. பார்க்கலாமே."

"அப்ப திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு," என்று சொல்லிவிட்டு அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். டாக்டர் எதற்கு நேரம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த நோயாளி அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார், அவ்வளவு பெரிய கதை.

அக்கா தையல்காரி. புதுத் துணி தைப்பதைவிட, வாங்கின துணி உடம்புக்குச் சேராமல் முழிக்கிறவர்களுக்குப் பிரித்துத் தைத்துக் கொடுப்பதுதான் அவளுக்கு முக்கிய வேலை. அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள். பெரியவன் லிஃப்ட் மெக்கானிக். சின்னவன் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவன். அம்மா வேலைக்குப் போய்விட்டதால் இரண்டையும் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வளர்த்தது அக்காதான். நீ ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "அதுக்குள்ளதான் எனக்கு ரெண்டு பையன் பொறந்துட்டாங்களே," என்பாள். "ரெண்டும் எனக்கு ரெண்டு கண்ணு" என்று அவள் வாய்க்கு வாய் சொன்னதும் உண்டு. டாக்டர் சொன்ன பிறகு அந்தப் பேச்சை அவளால் பழையபடி சொல்ல முடியவில்லை.

சின்ன வயதில் அவர்கள் சண்டை போட்டால் அக்கா விசாரணையே நடத்தமாட்டாள். சட்டைக்குச் சண்டையா, தட்டுக்குச் சண்டையா, எதுவானாலும் ஒரே தீர்ப்புதான். "மாத்திக்கோ." அவன் கையில் இருப்பது இவனுக்கு, இவன் கையில் இருப்பது அவனுக்கு. எது நியாயம் என்று அதற்குமேல் பேசினால் இரண்டு முதுகிலும் விழும். அந்த வீட்டில் அந்த ஒரு சொல்லுக்கு இருந்த மரியாதை வேறு எந்தச் சட்டத்துக்கும் கிடையாது.

வளர்ந்த பிறகு இருவருக்கும் ஒரே பைத்தியம் பிடித்தது. ஒரே மாதிரி இரண்டு கேமரா வாங்கி, ஓர் அலுமினியப் பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் முடுக்கி, இரண்டிலும் ஃபிலிம் போட்டு ஒரே நொடியில் அமுக்குவார்கள். நம் இரண்டு கண்ணும் ஒன்றையே பார்த்தாலும் இம்மி வித்தியாசத்தோடுதானே பார்க்கின்றன, அதுபோல இரண்டு கேமராவும் இம்மி வித்தியாசத்தோடு இரண்டு படம் எடுக்கும். கழுவி வந்த இரண்டு ஃபிலிம் துண்டையும், அதாவது ஸ்லைடையும், ஒரு பெட்டிக்குள் செருகி, பின்னால் விளக்குப் போட்டு, இடது படத்தை இடது கண்ணாலும் வலது படத்தை வலது கண்ணாலும் பார்த்தால் போதும். படம் தாளில் ஒட்டிக்கொண்டிருக்காது. கை நீட்டினால் தொடலாம் என்கிற மாதிரி முன்னும் பின்னுமாக எழுந்து நிற்கும். இதற்காக விடுமுறை நாளில் சோறு தண்ணி இல்லாமல் பாலத்தடியிலும் மரத்தடியிலும் இருவரும் அலைந்தார்கள்.

பார்க்கிற பெட்டியையும் அவர்களே செய்தார்கள். விளக்கு போடும் பொத்தான் ஏதோ ஒரு பழைய லிஃப்டில் கழற்றியது, அதில் இன்னும் மூன்று என்று எழுதியிருக்கும். கண் வைக்கிற குழிகள் பல்செட்டுக்கு ஈறு செய்கிற பசையில் வார்த்தவை, நல்ல ரோஸ் நிறம். "யாரோட வாய்க்குள்ளயோ கண்ணை விட்டுப் பார்க்கிற மாதிரி இருக்குடா," என்று அக்கா முகத்தைச் சுளித்தாலும், புதுப் படம் வந்தால் முதலில் பார்க்கிறவள் அவள்தான்.

வேலையையும் ஒழுங்காகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இடது கேமரா பெரியவனுடையது, அதன் தலையில் வெள்ளைப் பெயின்டில் 'இ'. வலது கேமரா சின்னவனுடையது, அதில் 'வ'. கழுவி வரும் ஸ்லைடுகளில் இ, வ என்று எழுதுவது பெரியவன் வேலை. எழுதினதைப் பார்த்துப் பெட்டியில் போடுவது சின்னவன் வேலை. பெரியவனின் கேமராவுக்குள் ஓர் ஓரம் நசுங்கியிருந்ததால், அவன் படம் எல்லாவற்றிலும் கீழே இடது மூலையில் கடித்த மாதிரி ஒரு சின்னக் கறுப்பு விழும். சின்னவன் அதற்குச் சொத்தைப்பல் என்று பெயர் வைத்து அண்ணனை ஓட்டிக்கொண்டே இருப்பான்.

ஆயிரம் படம் எடுத்தும் அதில் இந்த இரண்டு பேர் மூஞ்சி கிடையாது, எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தானே நிற்கிறார்கள். ஒரு நாள் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊர்ல இருக்கிற கல்லு மண்ணையெல்லாம் எடுக்கறீங்க. நாம மூணு பேரும் இருக்கிற மாதிரி ஒண்ணு எடுக்கத் துப்பில்ல."

எடுத்தார்கள். அக்காவின் தையல் அறை ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியான அறை, கேமரா ஸ்டாண்டை வைத்தால் ஆள் நிற்க இடம் இருக்காது. சுவரில் உயரத்தில் ஒரு மர அலமாரி. அதன் அடிப்பலகையில் பட்டையை முடுக்கி, இரண்டு கேமராவையும் வௌவால் மாதிரி தொங்கவிட்டார்கள். சின்னவன் ஸ்டூல்மேல் ஏறி, கழுத்தைத் திருப்பி, தலைகீழாகப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தான். அவன் கழுத்து மாட்டிக்கொள்ளும் என்று அக்கா சிரித்தாள். தள்ளி நின்றே இரண்டு கேமராவையும் அமுக்குவதற்கு, நீளமான இரண்டு குழாய் வைத்த ரப்பர் பந்து ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மூவரும் நின்றார்கள். பந்தை அமுக்கியது பெரியவன்.

அந்தப் படத்தைத்தான் புகைப்படச் சங்கத்துக் கண்காட்சிக்குக் கொடுத்தார்கள். நாள் நெருங்கிவிட்டதால் அக்காவுக்குக்கூட முதலில் காட்டவில்லை, அங்கேயே வந்து பார் என்றுவிட்டார்கள். நடுவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "சுவரு பிரமாதமா வந்திருக்கு. ஆளுங்கதான் உள்ள போயிட்டாங்க," என்றார். மண்டபமே சிரித்தது. அக்காவும் பார்த்தாள். பின்னால் இருக்க வேண்டிய சுவர் முன்னால் வந்து நின்றது. மூன்று பேரும் சுவரில் வெட்டின ஓட்டைக்குள் புதைந்து கிடந்தார்கள். இடதும் வலதும் மாறிவிட்டால் அப்படித்தான் ஆகும், கிட்டத்தில் இருப்பது தூரம் போய்விடும், தூரத்தில் இருப்பது கிட்டே வந்துவிடும்.

"லேபிளை மாத்தி எழுதிட்ட," என்றான் சின்னவன்.

"எழுதினது சரி. நீதான் பெட்டியில மாத்திப் போட்ட," என்றான் பெரியவன்.

எது எந்தப் பக்கம் இருந்தது என்று யாராவது நிதானமாகப் பார்ப்பதற்குள் பெரியவன் தன் பாதியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நான் என்ன இளைத்தவனா என்று சின்னவன் தன் பாதியை உருவிக்கொண்டான். நாலு பேர் முன்னால் வாய் தடித்தது. "உனக்கு இடம் வலமே தெரியாது, உன்னை நம்பி எப்படித்தான் லிஃப்ட்ல ஏறுறாங்களோ," என்று சின்னவன் சொன்னது, அங்கே படம் பார்க்க வந்திருந்த பெரியவனின் முதலாளி காதில் விழுந்தது. அது மன்னிக்கிற பேச்சு இல்லை.

பிறகு பாகம் பிரித்தார்கள். வீடு வாசலுக்கு அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளை ஊர் உலகம் பார்த்திருக்கிறது. இவர்கள் பிரித்தது படங்களை. அதையும் எப்படிப் பிரித்தார்கள் என்று கேளுங்கள். என் கேமரா எடுத்தது எனக்கு, உன் கேமரா எடுத்தது உனக்கு. அதாவது இத்தனை வருஷத்து இடது படமெல்லாம் பெரியவனுக்கு, வலது படமெல்லாம் சின்னவனுக்கு. செருப்புக்கடையைப் பிரிக்கிறவர்கள் இடது கால் செருப்பெல்லாம் அண்ணனுக்கு, வலது கால் செருப்பெல்லாம் தம்பிக்கு என்று பிரித்தால் எப்படி இருக்கும்? அந்தக் கூத்துதான். பெட்டியை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் முழித்தபோது, "ரம்பம் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டுவிட்டு அக்கா அதைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டாள். அலுமினியப் பட்டையை ஜன்னல் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள்.

ஆறு வருஷமாகிறது. சின்னவன் வாயிலிருந்து அண்ணா என்ற சொல் வந்து ஆறு வருஷம். ஒருவனைப் பற்றி மற்றவன் பேச வேண்டி வந்தால் அக்காவிடம் "உன் தம்பி" என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேருமே அவளுக்குத் தம்பிகள் என்பதால், யார் யாரைச் சொல்கிறார்கள் என்று குரலை வைத்துத்தான் அவள் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அக்கா பெரியவனுக்குப் போன் போட்டாள்.

"லிஃப்ட் குழிக்குள்ள இருக்கேன்க்கா, சீக்கிரம் சொல்லு."

"என் கண்ணு ஒண்ணை எடுக்கப் போறாங்கடா."

"எந்தக் கண்ணு?"

"இடது. உன் பக்கம்தான். கோவிச்சுக்காத."

அவன் சிரிக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் மூக்கை உறிஞ்சினால் நாலு மாடிக்குக் கேட்கும். "உனக்கு என்ன வேணும், சொல்லுக்கா. எதுவா இருந்தாலும் செய்யறேன்."

"நாம மூணு பேரும் இருக்கிற படம். உன் பாதியைக் கொண்டா."

எதுவானாலும் செய்கிறேன் என்றவனுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. "உன் தம்பி வந்தா நான் வரமாட்டேன்," என்றான். "சரி, கொடுத்தனுப்பறேன். வேண்டாம். கொடுத்தனுப்பினா அதை மாத்தி வச்சிட்டு, பாரு லேபிள் தப்புன்னு சொல்லுவான். நானே வந்து என் கையால போடறேன். சரியாத் தெரிஞ்சா, அன்னைக்கு அவன்தான் மாத்திப் போட்டான்னு நீயே புரிஞ்சுக்கோ."

சின்னவனும் முதலில் அழுதான், பிறகு அதையேதான் சொன்னான். "நான் லேபிளைப் பார்த்துதான் போட்டேன். இப்பவும் லேபிளைப் பார்த்தே போடறேன். சுவரு முன்னால வந்தா யாரு தப்புன்னு தெரிஞ்சிடும். ஆனா உன் தம்பி இருக்கக் கூடாது."

"இருக்கமாட்டான்," என்று இருவரிடமும் சொன்னாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வரச்சொல்லி இருவரிடமும் சொன்னாள். பொய் சொல்வதற்கு அவள் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

பெரியவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் சின்னவனும் வந்து சேர்ந்தான்.

"அக்கா, உன் தம்பி வருவார்னு சொல்லவே இல்ல."

"அக்கா, உன் தம்பி இங்க என்ன பண்றான்?"

"ரெண்டும் என் தம்பிதான். எவன் எவனைக் கேட்கறீங்கன்னு எனக்குப் புரியல. உள்ள வாங்க," என்றாள் அக்கா.

ஒல்லி அறையில் மூன்று பேர் நின்றால் முழங்கை முழங்கையை இடிக்கும். துணிக் குவியலை ஒதுக்கிப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். பழக்கதோஷத்தில் பெரியவன் இடது பக்கமும் சின்னவன் வலது பக்கமும் போய் நின்றார்கள். பெரியவன் தன் ஸ்லைடைத் தூக்கி, அதில் எழுதியிருந்த இ என்ற எழுத்தைக் கோர்ட்டில் சாட்சி காட்டுகிற மாதிரி காட்டிவிட்டு இடது பக்கம் செருகினான். சின்னவன் வ-வைக் காட்டிவிட்டு வலது பக்கம் செருகினான். அக்கா மூன்றாம் மாடிப் பொத்தானை அமுக்கி, ரோஸ் குழிகளில் கண்ணை வைத்தாள்.

சுவர் முன்னால் வந்து நின்றது.

அவள் வாயைத் திறப்பதற்குள் முகமே சொல்லிவிட்டது. சின்னவன் தொடையில் தட்டினான். "பார்த்தியாக்கா! ஆறு வருஷமாச் சொல்றேன். லேபிள் தப்பு. இப்பவாவது ஒத்துக்கச் சொல்லு உன் தம்பியை."

பெரியவன் குனிந்து தானும் பார்த்தான். அவனுக்குக் காது மடல் சிவந்து போயிற்று. "இ கேமராவுல இருந்து வந்த ஃபிலிம்ல இ-ன்னு எழுதினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எப்படின்னு தெரியல. நான் தப்பா எழுதலக்கா." அவன் தன் ஸ்லைடை உருவி, அன்றைக்கு மாதிரியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "நாளைக்கு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்," என்று பையைத் தூக்கினான்.

அக்காவுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. டாக்டர் முன்னால் வராத அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது.

"போடா. போ. நாளைக்குக் கண்ணைத் தோண்டி எடுக்கப் போறாங்க, எனக்குப் பயமா இருக்குடா. ராத்திரி எல்லாம் ஒத்தைக் கண்ணைப் பொத்திப் பொத்திப் பார்க்கறேன். ஊசியில நூல் கோக்க முடியல. நான் உங்ககிட்ட சொத்தா கேட்டேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ரெண்டு கண்ணாலயும் உங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கணும்னு கேட்டேன். யாரு தப்புன்னு யாருடா கேட்டா?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாத்திக்கோ."

"அக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா..." என்று ஆரம்பித்தான் பெரியவன். அவன் தலையில் பாதி நரைத்திருந்தது.

"மாத்திக்கோன்னு சொன்னேன்."

அந்தச் சொல்லை மீறி அவர்களுக்குப் பழக்கமில்லை. பெரியவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். சின்னவன் பெட்டியிலிருந்து உருவி நீட்டினான். ஒருவர் விரலில் மற்றவர் விரல் படாமல் ஜாக்கிரதையாக மாற்றிக்கொண்டார்கள். வ இப்போது பெரியவன் கையில், இ சின்னவன் கையில். நின்ற இடத்திலிருந்து நகராமல் அவரவர் பக்கத்தில் செருகினார்கள்.

அக்கா கண்ணை வைத்தாள்.

சுவர் எங்கே போக வேண்டுமோ அங்கே போய் ஒழுங்காக நின்றது. தையல் மெஷினின் சக்கரம் மூக்குக்கு நேராக வந்தது. அதன் பின்னால் அவள், கழுத்தில் அளவு டேப், வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்து சிரித்துக்கொண்டு. ஒரு பக்கம் பெரியவன் ரப்பர் பந்தோடு. மறு பக்கம் சின்னவன், உயரமாகத் தெரிய வேண்டும் என்று ஸ்டூல்மேல் ஏறி நிற்கிறான். நூல் ஒன்று மெஷினிலிருந்து காற்றில் தொங்குகிறது, அதைப் பிடித்து இழுக்கலாம். அக்கா அழுதாள். அழுதால் கண் மங்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"டேய் பெரியவனே, உன் இன்னொரு கை எங்க இருக்கு தெரியுமா? என் முதுகுக்குப் பின்னால போய் அவன் சட்டையைப் பிடிச்சிட்டு இருக்கு."

இருவரும் தங்கள் தங்கள் பாதியை இத்தனை வருஷம் விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர்கள்தான். தட்டைப் படத்தில் அந்தக் கை பின்னால் கிடந்த துணிக் குவியலோடு துணியாகக் கலந்து போயிருந்தது, கண்ணில் படவே இல்லை.

"ஸ்டூல் ஆடிச்சு," என்றான் பெரியவன்.

சின்னவன் தன் சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டான். ஜெயித்துவிட்டு இவ்வளவு அமைதியாக இருப்பது அவனுக்கு வழக்கமில்லை. அக்கா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மேல வலது மூலையில மட்டும் ஏதோ கடிச்ச மாதிரி கறுப்பா இருக்கு. தூசியா பாரு," என்றாள்.

"தூசி இல்லக்கா, சொத்தைப்பல். ஆனா அது கீழ இடது மூலையிலதானே..." என்ற சின்னவன் பாதியில் நிறுத்தினான்.

ஸ்லைடை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நேராகப் பிடித்தான், தலைகீழாகத் திருப்பினான், மறுபடி நேராக்கினான். பிறகு தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தான். அக்காவுக்கு ஸ்லைடைப் பற்றி ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவனைப் பற்றிப் புரிந்தது. தட்டை ஒளித்து வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லலாமா என்று யோசிக்கிற சின்ன வயது முகம் அது. தூசிதான் என்று துடைக்கிற மாதிரி துடைத்துவிட்டு அவன் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அறையில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது, ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் ஜெயித்தது ஜெயித்ததாகவே இருந்திருக்கும். பெரியவன் கருவிப் பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணா," என்றான் சின்னவன்.

பெரியவன் திரும்பினான். அவனுக்கே சந்தேகம், யாரைக் கூப்பிட்டான் என்று.

"நீ எழுதினது சரி. இங்க பாரு, சொத்தை கீழ இடதுல இல்ல, மேல வலதுல இருக்கு. கேமரா தலைகீழா இருந்திருக்கு. நாமதானே அலமாரிக்கு அடியில தொங்கவிட்டோம்?"

பெரியவன் ஸ்லைடை வாங்கிப் பார்த்தான். இத்தனை வருஷம் முகங்களையே பார்த்தவன், மூலையைக் கவனித்ததே இல்லை. கருவிப் பை கீழே விழுந்தது. எட்டி ஜன்னலிலிருந்து அலுமினியப் பட்டையை உருவினான், கதவு டமாரென்று சாத்திக்கொண்டது. பட்டையின் ஒரு முனையைத் தொட்டு "இது இ," என்றான். மறு முனையைத் தொட்டு "இது வ" என்றான் சின்னவன். அப்படியே தலைகீழாகத் திருப்பினார்கள். இ வலது பக்கம் போய் நின்றது.

"அடப்பாவி," என்றான் பெரியவன். "இது வலது கண்ணு பார்த்த படம்டா. கேமரா இ, பார்த்தது வலது."

"லேபிளும் சரி, போட்டதும் சரி."

"அப்ப தப்பு?"

"தொங்கினது தப்பு." சின்னவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே குரலும் உடைந்தது. "நான்தான் அன்னைக்கே சொத்தையைப் பார்த்திருக்கணும்ணா. அவசரத்துல பார்க்கல. மண்டபத்துல அந்த லிஃப்ட் பேச்சு... அது நான் பேசியிருக்கவே கூடாது."

பெரியவன் பட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். "முதலாளி ஒரு வருஷம் என்னைத் தனியா அனுப்பவே இல்லடா," என்றான். திட்டுகிற குரலில் இல்லை. வலித்ததை வலித்தது என்று சொன்னான், அவ்வளவுதான். பிறகு, "தொங்கவிடலாம்னு யாரு சொன்னது?" என்று கேட்டான். இரண்டு பேரும் சேர்ந்து அக்காவைப் பார்த்தார்கள்.

"என்னை ஏண்டா பார்க்கறீங்க? உங்க மூஞ்சி படத்துல இருக்கணும்னு சொன்னேன். வௌவால் மாதிரி தொங்கவிடச் சொன்னேனா? தள்ளுங்க, விளக்கை மறைக்காதீங்க," என்று அக்கா மறுபடி பெட்டிக்குள் கண்ணை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இருவரும் மற்ற ஸ்லைடுகளைப் பற்றி உரக்கச் சண்டை போட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தை அவள் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் இருவரும் ஒன்றாகவே வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பச்சை அங்கி மாட்டி, கட்டிலில் படுக்க வைத்து, இடது புருவத்துக்கு மேலே பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டாள் நர்ஸ். பெரியவன் கட்டிலைச் சுற்றி வந்து அதைப் பார்த்தான்.

"சிஸ்டர், இது யாருக்கு இடது? அவங்களுக்கா, எதிர்ல நிற்கிற நமக்கா?"

"பேஷன்டுக்கு சார்."

"டாக்டர் தலைமாட்டுல நின்னுதானே பண்ணுவார்?" என்று கேட்டான் சின்னவன். "அங்கிருந்து பார்த்தா முகம் தலைகீழா இருக்கும். இடது எந்தப் பக்கம் வரும்னு யோசிச்சீங்களா?"

"அதுக்குத்தான் சார் குறி போட்டிருக்கோம்."

"குறியும் சரியாத்தான் இருக்கும், பண்றதும் சரியாத்தான் இருக்கும், ஆனா மாறிடும். எங்களுக்கு நடந்திருக்கு. அண்ணா, நீ சொல்லு."

பெரியவன் இரண்டு கையையும் பட்டை மாதிரி நீட்டித் தலைகீழாகத் திருப்பிக் காட்டினான். நர்ஸ் காகிதத்தை எடுத்து இன்னொரு தடவை சரிபார்த்து, அவர்களுக்கும் காட்டி, அக்காவின் வாயாலும் இடது என்று சொல்லவைத்தாள். அப்புறம்தான் இருவரும் அடங்கினார்கள்.

"கூட்டிட்டுப் போற வரைக்கும் ஒருத்தர் மட்டும்தான் இங்க இருக்கலாம்," என்றாள் நர்ஸ்.

"நீ இருண்ணா."

"நீ இருடா. அவளுக்கு உன்னைத்தான் தேடும்."

"அதெல்லாம் இல்ல, நீதான்..."

அக்கா படுத்தபடியே ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். இருவரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மூடின கண்ணைத் திறந்தாள். பெரியவன் ஓர் அடி முன்னால் வந்தான், சின்னவன் அவன் தோளுக்குப் பின்னால் போனான். சுவர் தூரத்தில் இருந்தது. அவளுக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது.

"ரெண்டு பேரும் இருக்கட்டும்மா," என்றாள் நர்ஸிடம். "ஒத்தையா வச்சா ஒண்ணும் தெரியாது."

நர்ஸுக்குப் புரியவில்லை. ஆனாலும் வெளியே போய் இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து போட்டாள்.